ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும் சத்துணவு என்றால் பணம் மிச்சமாகுமா?

கணக்குப்பிள்ளை:
அலுவலகத்தில் மத்தியானம் சாப்பிடும்போது தொடங்கிய சண்டை. வீட்டுக்கு வந்தும் மண்டையைக் குடைகிறது, அதனால் இங்கே போடுகிறேன்.

பள்ளி மதிய உணவின் சமையல் செலவுக்கு 2025 மே முதல் ஒன்றிய அரசு வைத்திருக்கும் தொகை, ஐந்தாம் வகுப்பு வரை ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 6 ரூபாய் 78 காசு. ஆறிலிருந்து எட்டு வரை 10 ரூபாய் 17 காசு. இதில் 60 பங்கு டெல்லி, 40 பங்கு மாநிலம். சின்னப் பிள்ளைக்கு டெல்லியிலிருந்து வருவது 4 ரூபாய் 7 காசு, மீதி 2 ரூபாய் 71 காசு நம் மாநிலத்துடையது. அரிசிக்கு இதில் காசு இல்லை, அது தனியாக வந்துவிடுகிறது.

என் மகள் அரசு உதவிபெறும் பள்ளியில் நான்காம் வகுப்பு படிக்கிறாள். டப்பா கட்டிக் கொடுத்து அனுப்புகிறோம். ஆனால் சத்துணவு சாப்பிட அவளுக்கும் உரிமை உண்டு. என்னைப் போல மாதச் சம்பளம் வாங்குபவன் பிள்ளைக்கு எதற்கு அந்த உரிமை? வருமான வரம்பு ஒன்று வைத்து எங்களைப் போன்றவர்களை வெட்டிவிட்டு, மிச்சமாகும் பணத்தை உண்மையிலேயே இல்லாத பிள்ளைகளுக்கு இரண்டு மடங்காகக் கொடுத்தால் என்ன? தட்டில் இன்னும் கொஞ்சம் காய் விழுமே.

திட்டுவதாக இருந்தால் கணக்கோடு திட்டுங்கள்.

தெற்குவீதி:
6 ரூபாய் 78 காசு. எங்கள் தெருமுனைக் கடையில் டீயே அதற்குக் கிடையாது. இதில் வெட்டுவதற்கு வேறு ஆள் தேடுகிறீர்களா அண்ணே?

பழைய மையம்:
தம்பி கணக்கு கேட்டதால் எழுதுகிறேன். நான் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். கடைசி சில வருடங்கள் கூடுதல் பொறுப்பு என்று இரண்டு மையங்கள் பார்த்தேன்.

முதலில் ஒன்று. உங்கள் மகளுக்காக அரசு சமையல் செலவு எதுவும் கொடுக்கவில்லை. டப்பா கொண்டுவரும் பிள்ளை எங்கள் கணக்கில் வராது. காலையில் பிரார்த்தனை முடிந்து வருகைப் பதிவு எடுத்ததும் வகுப்பு வாரியாக ஒரு துண்டுச் சீட்டு வரும். ஒன்றாம் வகுப்பு 11, இரண்டு 9, மூன்று 14 என்று. அது பள்ளியில் இருக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை இல்லை, இன்று சாப்பிடப் போகிறவர்களின் எண்ணிக்கை. அதைக் கூட்டி, அதற்குத்தான் அரிசி அளப்போம், அதைத்தான் அன்றைய கணக்கில் ஏற்றுவோம். நீங்கள் வெட்டச் சொல்லும் ஆள் ஏற்கெனவே தன்னைத் தானே வெட்டிக்கொண்டுவிட்டார். வருமானச் சான்றிதழ் கேட்காமலே நடக்கிற காரியம் இது. அதனால் இரண்டு மடங்காக்குவதற்கு மிச்சம் என்று எதுவும் வராது.

இரண்டாவது. நம் ஊரில் அந்த 6.78 அப்படியே கைக்கு வருவதில்லை. பருப்பும் எண்ணெயும் நுகர்பொருள் வாணிபக் கழகத்திலிருந்து பொருளாகவே வந்துவிடும். காய்கறி, தாளிதப் பொருள், எரிபொருள் இந்த மூன்றுக்கும்தான் பணம். உணவூட்டுச் செலவினம் என்று பெயர். தலைக்கு இவ்வளவு என்று பெருக்கித் தருவார்கள்.

இந்தத் தலைக்கணக்குதான் எனக்கு முப்பது வருடத் தலைவலி. என் இரண்டு மையங்களில் ஒன்றில் 140 பிள்ளைகள், இன்னொன்றில் 22. 140 பேருக்குத் தலைக்கு வரும் காசைக் கூட்டினால் சந்தையில் நின்று பேரம் பேச முடியும். தக்காளி கிரேட்டாக வாங்கலாம். 22 பேருக்கு வரும் காசில் அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று சில்லறை விலைக்குத்தான் வாங்க வேண்டும். 22 பேருக்கு அடுப்புப் பற்றவைத்தாலும் உலை கொதிக்க ஆகும் நேரம் ஆகத்தான் செய்யும். பிள்ளை பாதி என்பதற்காக கேஸ் பாதியாகாது. கடுகு தாளிக்கிற எண்ணெய்கூட ஒரு அளவுக்குக் கீழே குறையாது. அந்தச் சின்ன மையம் இருந்த ஊர்தான் இரண்டில் ஏழை ஊர். வசதி வந்தவர்கள் வேனில் வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள், மிஞ்சியது 22.

யாருக்குக் கொடுப்பது என்பதைவிட எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்று கேளுங்கள் தம்பி.

தெற்குவீதி:
அம்மா, இதைத் தனி இழையாகவே போட்டிருக்கலாம் நீங்கள்.

கரும்பலகை:
அம்மா செலவைச் சொன்னார்கள், நான் பட்டியலைச் சொல்கிறேன். நடுநிலைப் பள்ளி ஆசிரியர் நான்.

உதவித்தொகை விண்ணப்பத்துக்காக ஒரு முறை வகுப்பில் பெயர் வாசித்தேன். வாசிக்கப்பட்டவர்கள் எழுந்து நிற்க வேண்டும், யார் சான்றிதழ் கொண்டுவந்தார்கள், யார் கொண்டுவரவில்லை என்று குறிக்க. ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டேன். பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்துகொண்டான். அவன் அப்பா சவ ஊர்வலத்துக்குப் பறை அடிப்பவர் என்பது எனக்குத் தெரியும், வகுப்புக்குத் தெரியக் கூடாது என்று அவன் நினைத்திருக்கிறான். அதற்குப் பிறகு வகுப்பில் பெயர் வாசிப்பதை விட்டுவிட்டேன். தனியாகக் கூப்பிட்டு வாங்கிக்கொள்கிறேன்.

உதவித்தொகை வருடத்துக்கு ஒரு தடவை. சாப்பாடு தினமும். வருமான வரம்பு வைத்தால் மணியடித்ததும் யார் தட்டை எடுக்கிறார்கள் என்பதே பட்டியல் ஆகிவிடும். இப்போது தட்டு எடுக்கிறவனுக்குக் காரணம் ஆயிரம் இருக்கும். மிளகு முட்டை பிடிக்கும், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, நண்பன் சாப்பிடுகிறான். அந்த ஆயிரம் காரணத்துக்குப் பின்னால்தான் வீட்டில் அடுப்பு எரியாத பிள்ளை மறைந்துகொள்கிறது.

லெஸ்டர்வாசி:
நான் இருக்கும் இங்கிலாந்தில் கணக்குப்பிள்ளை சொல்லும் முறைதான். முதல் மூன்று வகுப்புகளுக்கு 2014-இலிருந்து எல்லாருக்கும் இலவசம். அதற்கு மேலே போனால் யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகை வாங்கும் குடும்பமாக இருக்க வேண்டும், அதிலும் வரி போக வருடச் சம்பாத்தியம் 7,400 பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்று 2018-இல் வரம்பு வைத்தார்கள். அந்த வரம்பு பல வருடம் அப்படியே நின்றது. விலைவாசி ஏறியது, சம்பளமும் கொஞ்சம் ஏறியது, கோடு மட்டும் ஏறவில்லை. கோட்டுக்குக் கொஞ்சம் மேலே போன குடும்பங்கள் அந்தரத்தில் நின்றன. 2026 செப்டம்பரிலிருந்து யூனிவர்சல் கிரெடிட் வாங்கும் எல்லாக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் என்று அரசே அறிவித்துவிட்டது.

வரம்பு என்று ஒன்றை வைத்துவிட்டால் அதை வருடா வருடம் உயர்த்த யாருக்கும் ஞாபகம் வராது. நான் இங்கே பார்த்தது அதுதான்.

சாட்டை:
பிள்ளையைப் பெற்றவர்கள் சோறு போட மாட்டார்களா? எல்லாவற்றுக்கும் அரசாங்கமா? என் வரிப்பணம்.

தெற்குவீதி:
உங்கள் வரிப்பணத்தில்தான் உங்கள் தெருவுக்கும் விளக்கு எரிகிறது. வீட்டு வெளிச்சம் வாசல் வரை வராதா என்று யாராவது கேட்டார்களா?

மட்டுறுத்துநர்:
இரண்டு பேரும் தனிமடலுக்குப் போங்கள். இழை நன்றாகப் போகிறது.

கணக்குப்பிள்ளை:
பழைய மையம் அம்மாவுக்கு நன்றி. டப்பா கொண்டுபோகும் பிள்ளை கணக்கிலேயே வராது என்பது எனக்குத் தெரியாது. என் வாதத்தின் முதல் காலே போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் இரண்டாவது கால் இருக்கிறது. தலைக்கு இவ்வளவு என்று பெருக்கித் தருவதால்தானே எண்ணிக்கையை ஏற்றி எழுதுகிறார்கள்? 60 பேர் சாப்பிட்டால் 75 என்று எழுதுவது ஊரறிந்த விஷயம். அந்த ஓட்டையை அடைக்காமல் இன்னும் பணம் கொடு என்றால், ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுபோல் ஆகாதா?

பழைய மையம்:
ஏற்றி எழுதுவது உண்டு. இல்லை என்று சொன்னால் நான் பொய்க்காரி.

பதினைந்து பேர் ஏற்றி எழுதி அரிசியை வெளியே விற்கிறவர்களைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றும் இல்லை. பிடித்துத் தண்டியுங்கள். நான் சொல்ல வருவது இன்னொரு வகை. 2019 கடைசியில் வெங்காயம் ஏறியது ஞாபகம் இருக்கிறதா? எங்கள் கைக்கு வந்த காசு ஒரு பைசா ஏறவில்லை. சின்ன மையத்தில் ஒரு வாரம் வெங்காயம் இல்லாமல் சாம்பார் வைத்தோம். பிள்ளைகள் தட்டில் கை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்கள். மறுவாரம் 22 என்பதை 25 என்று எழுதினேன். நான்கு நாள். அந்தக் காசு வெங்காயத்துக்குத்தான் போனது, அதற்காக அது சரியாகிவிடாது. ஐந்தாம் நாள் என் கைக்காசைப் போட்டு வாங்கிவிட்டு 22 என்றே எழுதினேன். பயம்தான், வேறொன்றும் இல்லை.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், விலை ஏறும்போது அந்த இடைவெளியை யாராவது ஒருவர் நிரப்பித்தான் ஆக வேண்டும். அமைப்பாளர் கைக்காசு போடுவார், அல்லது குழம்பு தண்ணீராகும், அல்லது எண்ணிக்கை ஏறும். தணிக்கைக்கு வருபவர் மூன்றாவதை மட்டும்தான் பார்ப்பார். தண்ணீர்க் குழம்பு எந்தப் பதிவேட்டிலும் இருக்காது.

முட்டையில் இந்த விளையாட்டு கஷ்டம். எண்ணி வரும், முத்திரை குத்தி வரும், உடைந்ததை உடைந்தது என்று எழுத வேண்டும். பொருளாக வந்தால் விலை ஏறினாலும் முட்டை முட்டைதான். பணமாக வருவதுதான் கரையும்.

கரும்பலகை:
அம்மா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 2022 அக்டோபரில் தொடக்க வகுப்புத் தொகை 5.45 ஆனது. அடுத்த உயர்வு 2024 டிசம்பரில்தான், 6.19. பிறகு 2025 மேயில் 6.78. நடுவில் இரண்டு வருடத்துக்கு மேல் 5.45-இலேயே நின்றது. அந்த இடைவெளியில்தான் 2023 ஜூலை, ஆகஸ்டில் தக்காளி கிலோ நூறைத் தாண்டியது.

கணக்குப்பிள்ளை சார், உங்கள் ஓட்டைக் குடத்தில் யார் யார் கைவிரலை வைத்து அடைத்துக்கொண்டிருந்தார்கள் என்று இப்போது புரிகிறதா?

அரும்பு:
தாமதமாக வருகிறேன். யார் பணம், யாருக்கு என்கிற இந்தச் சண்டை நம் ஊரில் நூறு வருடப் பழசு. எனக்கு இந்த வரலாறு பிடிக்கும் என்பதால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1920-இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்த பிட்டி தியாகராயர், ஆயிரம் விளக்குப் பகுதியில் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் சாப்பாடு போடத் தீர்மானம் கொண்டுவந்தார். ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு. இன்னும் நான்கு பள்ளிகளுக்குப் பரவியது, பிள்ளைகள் எண்ணிக்கை கூடியது. 1925-இல் நின்றது. காரணம் பிள்ளைகள் வராதது இல்லை. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து சோற்றுக்குச் செலவழிக்கக் கூடாது என்று ஆங்கிலேய அரசு சொல்லிவிட்டது. கல்விக்கான பணத்தில் சோறு சேராது என்பது அவர்கள் கணக்கு.

1956-இல் காமராசர், பாரதியார் பிறந்த எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிவைத்தார். பொதுக்கல்வி இயக்குநராக நெ.து. சுந்தரவடிவேலு இருந்தார். அப்போது அது ஏழைப் பிள்ளைகளுக்கு மட்டும்தான், கணக்குப்பிள்ளை கேட்பது போலவே. முதலில் ஊர்மக்கள் கொடையில் நடந்தது. பிறகு செலவில் நூற்றுக்கு அறுபது அரசு, நாற்பது ஊர் என்று ஆக்கினார்கள். இங்கேயும் பழைய மையம் அம்மாவின் சிக்கல்தான் பாருங்கள். நாற்பது பங்கு தர வசதியில்லாத ஊரில்தானே பசி அதிகம்?

1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கும்போது ஊர்ப்பங்கு என்ற பேச்சே இல்லை, அரசு கஜானாவிலிருந்து வந்தது. கஜானா தாங்காது என்று அப்போதும் கணக்கோடு சொன்னவர்கள் இருந்தார்கள். திட்டம் நிற்கவில்லை, 1984-இல் பத்தாம் வகுப்பு வயதுப் பிள்ளைகள் வரை விரிந்தது. முட்டையும் அப்படித்தான் வந்தது.

நாடு முழுவதற்கும் என்று ஒன்றிய அரசு வந்தது 1995 ஆகஸ்ட் 15-இல். அதுவும் பல மாநிலங்களில் சமைத்த சாப்பாடு இல்லை, தானியத்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்புவது. சமைத்துத்தான் போட வேண்டும் என்று 2001 நவம்பர் 28-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான் அடுப்பு பரவலாகப் பற்றியது.

தெற்குவீதி:
முட்டை எம்.ஜி.ஆர். காலத்திலேயே வந்ததா? கலைஞர் என்றல்லவா நினைத்திருந்தேன்.

அரும்பு:
நீங்கள் சொன்னதுதான் சரி, நான் ஒரே மூச்சில் எழுதியதில் குழப்பிவிட்டேன். 1989-இல் கலைஞர் ஆட்சியில் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கியது. 1998-இல் வாரம் ஒன்று. பள்ளி நடக்கும் ஐந்து நாளும் முட்டை என்றானது 2010-இல். இரண்டு வாரத்துக்கு ஒன்று என்பதிலிருந்து தினமும் ஒன்று என்பதற்கு வர இருபத்தோரு வருடம்.

லெஸ்டர்வாசி:
காலை உணவுக்கும் இந்த 60-40 உண்டா?

கரும்பலகை:
இல்லை, அது மாநிலத் திட்டம். 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கி, முதல் கட்டம் 1,545 பள்ளிகள். அடுத்த ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும். உதவிபெறும் பள்ளிகளில் கிராமப்புறத்துக்கு 2024-இல், நகர்ப்புறத்துக்கு 2025-இல். அதேபோல ஒன்றிய அரசின் பங்கு எட்டாம் வகுப்போடு நின்றுவிடும், ஒன்பதும் பத்தும் சத்துணவு சாப்பிடுவது மாநிலப் பணத்தில்.

எங்கள் பள்ளியில் காலை உணவைச் சமைப்பது மகளிர் சுயஉதவிக் குழுவைச் சேர்ந்த அம்மாக்கள். அவர்கள் பிள்ளைகளே அங்கே படிக்கிறார்கள். உப்புமாவில் காய் குறைந்தால் அன்று மாலையே தெருவில் பஞ்சாயத்து. ஓட்டையை அடைப்பது பற்றிக் கேட்டீர்களே கணக்குப்பிள்ளை சார், இதுவும் தணிக்கைதான்.

பழைய மையம்:
சமைக்கிறவர்களைப் பற்றி யாருமே பேசவில்லை. சமையலருக்கும் உதவியாளருக்கும் ஒன்றிய அரசுத் திட்டப்படி மாத மதிப்பூதியம் 1,000 ரூபாய், அதுவும் வருடத்துக்குப் பத்து மாதம். 2009-இல் வைத்தது. காய்கறிக் காசாவது ஊர்ந்து ஊர்ந்து ஏறியது, இது அந்த இடத்திலேயே நிற்கிறது. நம் மாநிலம் தன் பணத்தில் அதைவிடக் கூடுதலாகத் தருகிறது, அது உண்மை. ஆனால் காலமுறை ஊதியம் கேட்டு நாங்கள் உட்காராத கலெக்டர் ஆபீஸ் வாசல் இல்லை.

என்னோடு இருந்த உதவியாளர் அம்மா குண்டானை இறக்கும்போது கஞ்சி தெறித்து முழங்கை வரை வெந்துவிட்டது. மறுநாள் துணி சுற்றிக்கொண்டு வந்து பாத்திரம் கழுவினார். விடுப்பு எடுங்கள் என்றேன். "நான் வரலைன்னா யாருக்கா குண்டான தூக்குவா?" என்றார். அவர் இடத்துக்கு ஆள் கிடையாது. ஒரு காலிப் பணியிடம் நிரம்ப எத்தனை வருடம் ஆகும் என்று எங்களுக்குத் தெரியும்.

தெற்குவீதி:
சமையல்கூடம் என்றாலே எனக்கு ஜூலை 16 ஞாபகம் வரும். 2004-இல் அன்றுதான் கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கட்டிலிருந்து கூரைக்குத் தீ பரவி 94 பிள்ளைகள் போனார்கள். 2013-இல் அதே ஜூலை 16, பீகாரில் பூச்சிமருந்து கலந்த சாப்பாட்டில் 23 பிள்ளைகள். இரண்டையும் சேர்த்து எழுதக் கை வரவில்லை, இருந்தாலும் எழுதிவிட்டேன்.

கணக்குப்பிள்ளை:
நான்கு நாள் இந்தப் பக்கம் வரவில்லை. சும்மா இல்லை, மகள் பள்ளிக்குப் போயிருந்தேன். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். இரண்டு வருடமாக அழைப்பு வருகிறது, இப்போதுதான் முதல்முறை போகிறேன்.

கூட்டத்துக்கு முன்னால் சமையல்கூடத்தை எட்டிப் பார்த்தேன். வாசலில் கரும்பலகை. அன்றைய சாப்பாடு, சாப்பிடுவோர் எண்ணிக்கை எல்லாம் சாக்பீஸில் எழுதியிருந்தது. 71. தட்டுகளை எண்ண நினைத்தேன், கூச்சமாக இருந்தது. இருந்தும் எண்ணினேன். கழுவிக் கவிழ்த்திருந்தது 68 வரை வந்தது. இரண்டு பையன்கள் இன்னும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு தட்டு எங்கே என்று மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டே திரும்பினால், அது சமையலர் அம்மா கையில் இருந்தது. வயிற்றுவலி என்று ஆசிரியர் அறையில் படுத்திருந்த பிள்ளைக்கு எடுத்துப் போகிறார்.

கூட்டத்தில் தலைக்கணக்கு பற்றிக் கேட்டேன். சின்னப் பள்ளிகளுக்குக் குறைந்தபட்சத் தொகை ஒன்றை நிர்ணயித்து, அதற்கு மேல் தலைக்கு இவ்வளவு என்று கொடுக்கச் சொல்லித் தீர்மானம் போடலாமா என்றேன். தீர்மானம் போடலாம், மேலே அனுப்பலாம், பிறகு தெரியாது என்று தலைமையாசிரியர் சொன்னார். போட்டோம்.

வருமான வரம்பு பற்றி என் எண்ணம் முழுதாக மாறவில்லை. முட்டைபோல விலை ஏறும் பொருளையெல்லாம் பொருளாகவே கொடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும் என்று இப்போது நினைக்கிறேன். காய்கறியைப் பொருளாகக் கொடுக்க முடியாது என்பதுதான் இடிக்கிறது.

இன்னொன்று. புதன்கிழமை டப்பா வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள். நான் எதுவும் கேட்கவில்லை.

பழைய மையம்:
அப்போ புதன்கிழமை 72. முந்தின நாளே டீச்சரிடம் சொல்லி அனுப்புங்கள் தம்பி, அரிசி அளந்த பிறகு வந்து நின்றால் சமையலர் அம்மா பாவம்.

கரும்பலகை:
அந்தத் தீர்மான நகலை இங்கே போடுங்கள் சார். எங்கள் பள்ளிக் கூட்டம் அடுத்த வாரம்.